புத்தகத்தில் இல்லாதவர்கள்

ஜப்பானைப் பற்றிய நூல்களை மதிப்பிடுவது குறித்து ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



ஒரு நூலகரின் நினைவாக அமைந்த அறக்கட்டளை இது. நல்ல நூலை அதற்குரிய வாசகர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்த ஒருவரின் பெயரால் பேச அழைத்திருக்கிறீர்கள். என் மனமார்ந்த நன்றி. மதிப்புரை எழுதுகிறவன் செய்வதும் ஏறத்தாழ அதே வேலைதான். முப்பது ஆண்டுகளாக அதைச் செய்துவருகிறேன். அதில் பெரும்பகுதி ஜப்பானின் வரலாறு, பண்பாடு, சமூகம் பற்றிய நூல்கள். அந்த வாசிப்பு எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே ஒரு பாடத்தை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

1916இல் பாரதியார் ‘சுதேசமித்திரன்’ இதழில் ஜப்பானியக் கவிதை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். யோனே நொகுச்சி என்ற ஜப்பானியக் கவிஞர் ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்துவிட்டு எழுதிய கட்டுரை அது. ஹைக்கூ என்ற மூன்றடிக் கவிதை தமிழுக்கு அப்படித்தான் வந்தது. அரை நூற்றாண்டு கழித்து தி. ஜானகிராமன் ஜப்பானுக்கே போய்வந்து ‘உதயசூரியன்’ எழுதினார். ஆனாலும் நமக்குப் பழகிய பாதை பாரதியார் காலத்துப் பாதைதான். ஜப்பான் நமக்கு ஆங்கிலம் வழியாகவே வருகிறது. ஆங்கில வாசகருக்கு எது பிடிக்குமோ அது முதலில் மொழிபெயர்ப்பாகிறது. அதிலிருந்து ஒரு கை அள்ளி நாம் தமிழில் கொண்டுவருகிறோம். இரண்டு சல்லடைகளில் சலித்த பிறகு கிடைப்பதைத்தான் ‘ஜப்பான்’ என்று நம்புகிறோம்.

ஆகவே ஜப்பானைப் பற்றிய எந்த நூலைக் கையில் எடுத்தாலும் ஒரு கேள்வியை முதலில் கேட்கப் பழகிக்கொண்டேன். இந்தப் புத்தகத்தில் யார் இல்லை? நூலில் இருப்பதை ஆசிரியரே சொல்லிவிடுவார். இல்லாதவர்களைத் தேடிச் சொல்ல வேண்டியது மதிப்புரையாளரின் கடமை.

வாளும் செவ்வந்தியும்

எல்லோருக்கும் தெரிந்த இரண்டு நூல்களிலிருந்து தொடங்குகிறேன். நிடோபே இனாசோவின் ‘புஷிடோ’ 1900இல் அமெரிக்காவில் வெளிவந்தது. சாமுராய்களின் அறநெறியை உலகுக்குச் சொன்ன நூல் என்று பெயர் பெற்றது. அதை அவர் கலிபோர்னியாவில், உடல்நலம் தேறிவந்த நாட்களில், ஆங்கிலத்தில் எழுதினார். அவர் ஒரு கிறிஸ்தவர்; மனைவி அமெரிக்கர். உங்கள் நாட்டுப் பள்ளிகளில் மதக் கல்வி இல்லையென்றால் ஒழுக்கத்தை எப்படிக் கற்பிக்கிறீர்கள் என்று பெல்ஜிய அறிஞர் ஒருவர் கேட்ட கேள்வியே நூலுக்கு வித்து என்று முன்னுரையில் சொல்கிறார். மேலை நாட்டார் கேட்ட கேள்விக்கு, மேலை நாட்டார் மொழியில், அவர்களுக்குப் பழக்கமான மேற்கோள்களோடு எழுதிய பதில் அது.

நிடோபே பிறந்தது 1862இல். சாமுராய்கள் வாள் தரிக்கக் கூடாது என்ற ஆணை 1876இல் வந்தபோது அவருக்கு வயது 13. மறைந்துபோன தன் குலத்தின் வாழ்க்கையை அயல் மண்ணில் இருந்துகொண்டு நினைவுகூர்கிறார். அந்த ஏக்கம் உண்மையானது. நூலின் அழகும் அதுதான். ஆனால் சாமுராய்க் குடும்பங்கள் நாட்டு மக்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்ற ஒன்பது பங்கினரின் அறம் என்ன? உப்புக் காய்ச்சியவர், மீன் பிடித்தவர், பட்டு நூற்றவர் எதன்மேல் ஆணையிட்டு வாழ்ந்தார்கள்? ‘ஜப்பானின் ஆன்மா’ என்று துணைத் தலைப்பிட்ட நூலில் அவர்களுக்கு இடம் மிகக் குறைவு.

ரூத் பெனடிக்டின் ‘செவ்வந்தியும் வாளும்’ 1946இல் வந்தது. மானிடவியல் அறிஞரான அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை. போர் நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்க அரசின் போர்த் தகவல் அலுவலகத்துக்காகத் தொடங்கிய ஆய்வு அது. எதிரி எப்படி நினைப்பான் என்று அறிய விரும்பிய அரசு கொடுத்த பணி. நாவல்கள், திரைப்படங்கள், அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரின் வாய்மொழி ஆகியவற்றைக் கொண்டு எழுதினார். அந்த வம்சாவளியினரில் பெரும்பாலோரை, சுமார் 1,20,000 பேரை, அதே அரசுதான் முள்வேலி முகாம்களில் அடைத்துவைத்திருந்தது. முகாமில் அடைபட்டிருக்கும் ஒருவர் தன் தாய்நாட்டைப் பற்றிப் பேசுவது எந்த மனநிலையில்? நூலை வாசிக்கும்போது இந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

இந்த நூல் 1948இல் ஜப்பானிய மொழிக்குப் போனது; லட்சக்கணக்கில் விற்றது. ஜப்பானிய அறிஞர்கள் அதைச் சும்மா விடவில்லை. 1950இல் மெய்யியலாளர் வாட்சுஜி டெட்சுரோ கடுமையாக எழுதினார். ராணுவத்தில் ஒரு சாரார் பேசியதை மொத்த ஜப்பானியரின் குணமாக நூல் எடுத்துக்கொள்கிறது என்பது அவர் வாதம். நியாயமான வாதம். ஆனால் அதே வாட்சுஜி 1935இல் எழுதிய ‘ஃபூடோ’ என்ற நூலில், பருவமழை நாட்டு மனிதர்கள் பணிந்து ஏற்றுக்கொள்ளும் இயல்பினர் என்று நம்மையெல்லாம் ஒரே வகையில் அடக்கிவிடுகிறார். 1927இல் ஜெர்மனிக்குக் கப்பலில் போன பயண அனுபவத்திலிருந்து பிறந்த நூல் அது. பிறர் நம்மை ஒரே சொல்லில் அடக்கும்போது வலிக்கிறது. நாம் பிறரை அடக்கும்போது அது ஆராய்ச்சி என்று தோன்றுகிறது. எத்தனை பெரிய அறிஞருக்கும் இது நேர்கிறது.

‘ஹியாகுஷோ’ என்ற சொல்

என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தொடக்க காலத்தில் எழுதிய ஒரு மதிப்புரையில், ஜப்பான் நெல் விளைவித்த உழவர்களின் நாடு என்று அடித்து எழுதினேன். படித்த நூல்கள் அத்தனையும் அப்படித்தான் சொல்லின. நாமும் சோறு தின்கிறவர்கள். சொந்தம் கொண்டாட வசதியாகவும் இருந்தது. அந்த வரியை என் கண்முன்னே உடைத்தவர் அமினோ யோஷிஹிகோ என்ற வரலாற்றாசிரியர்.

ஜப்பானிய மொழியில் ‘ஹியாகுஷோ’ என்று ஒரு சொல். அகராதியில் உழவர் என்று பொருள். எழுத்துகளைப் பிரித்தால் ‘நூறு குடிப்பெயர்’ என்று வரும், அதாவது பொதுமக்கள். பழைய பதிவேடுகளில் மக்களில் பெரும்பாலோர் ஹியாகுஷோ என்று குறிக்கப்பட்டிருப்பதைக் கண்ட வரலாற்றாசிரியர்கள், நாட்டில் பெரும்பாலோர் உழவர் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு சொல்லின் பொருளைத் தவறாகக் கொண்டதால் ஒரு நாட்டின் வரலாறே நெல் வயலாக மாறிவிட்டது.

அமினோ இதைக் கண்டுகொண்ட இடம் நோட்டோ தீபகற்பம். ஜப்பான் கடலுக்குள் நீண்டு நிற்கும் நிலம். அங்கே டோக்கிகுனி என்ற பழங்குடும்பம். ஏராளமான பணியாட்களைக் கொண்ட பெருநிலக்கிழார் குடும்பம் என்றே அறிஞர்கள் எழுதிவந்தார்கள். வீட்டுக் கருவூலத்தில் பாதுகாத்துவைத்த ஆவணங்களும் அதையே சொல்லின. நிலம், வரி, விளைச்சல் என்று எல்லாம் அரசுக்குக் காட்டிய கணக்கு.

1980களில் அமினோவும் அவருடைய குழுவினரும் அந்த வீட்டின் ஆவணங்களை மறுபடி படிக்கத் தொடங்கினார்கள். ஜப்பானிய வீடுகளின் அறைகளைப் பிரிப்பவை ‘ஃபுசுமா’ என்ற நகரும் தடுப்புக் கதவுகள். மரச் சட்டத்தின்மேல் அடுக்கடுக்காகத் தாள் ஒட்டிச் செய்வார்கள். மேலே தெரிவது நல்ல தாள். உள்ளே ஒட்டுவது வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய கடிதமும் கணக்குச் சீட்டும். குழுவினர் அந்த உட்தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார்கள்.

கருவூலத்தில் இருந்த குடும்பமும் கதவுக்குள் இருந்த குடும்பமும் வேறுவேறாக இருந்தன. கதவுக்குள் இருந்தவர்கள் கடல் வணிகர்கள். சொந்தக் கப்பல்களில் வடக்கே ஹொக்கைடோ வரை போய், கடற்பாசியும் மீனும் ஏற்றி ஒசாகா, கியோட்டோ பக்கம் விற்றவர்கள், உப்புக் காய்ச்சியவர்கள், ஈயச் சுரங்கம் தோண்ட அனுமதி கேட்டவர்கள். அந்தக் குடும்பத்துக்குப் பெரும் தொகை கடன் கொடுத்த ஒரு கப்பல் வணிகரின் பெயரும் கிடைத்தது. பதிவேட்டில் பார்த்தால் அவர் ‘அட்டமாஃபுரி’. நிலமற்றவர் என்று பொருள். நிலமற்ற ஏழை எப்படிக் கடன் கொடுப்பார் என்று குழுவினர் முதலில் திகைத்தார்கள். பிறகுதான் விளங்கியது. அவருக்கு நிலம் இல்லை, ஏனென்றால் நிலம் தேவைப்படவில்லை. அரக்குப் பாத்திரங்களுக்குப் புகழ்பெற்ற வாஜிமா நகரிலும் குடும்பங்களில் பெரும்பாலானவை அட்டமாஃபுரி என்றே பதிவாகியிருந்தன. அங்கே கைவினைஞரும் வணிகரும் நிறைந்திருந்தார்கள். வரிப் பதிவேடு நிலத்தை மட்டும் அளந்தது. அளவுகோலில் அகப்படாத செல்வமும் உழைப்பும் ‘இல்லை’ என்றாகிவிட்டன.

மதிப்புரையாளருக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. பத்திரப்படுத்திய தாளில் இருப்பவர்கள் ஒரு வகை. ஒதுக்கிய தாளில் இருப்பவர்கள் இன்னொரு வகை. கையில் இருக்கும் நூல் எந்தத் தாளிலிருந்து எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும்.

கடன் வாங்கிய காகிதங்கள்

அமினோவின் நூல்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது 1999இல் வந்த ஒரு சிறு நூல். பழைய ஆவணங்களைத் திருப்பிக் கொடுக்கப் போன பயணங்களின் கதை அது.

போருக்குப் பின், 1949இல், மீன்வளத் துறையின் பொறுப்பில் ஒரு பெரும் திட்டம் தொடங்கியது. நாடெங்கும் கடலோரக் கிராமங்களில் இருந்த பழைய ஆவணங்களைத் தோக்கியோவுக்குக் கொண்டுவந்து படியெடுப்பது திட்டம். இளைஞரான அமினோ 1950இல் அந்தப் பணியைச் செய்த ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். படியெடுத்ததும் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி வீடு வீடாக வாங்கி வந்தார்கள். சில ஆண்டுகளில் பணம் நின்றது, திட்டமும் நின்றது. பெட்டி பெட்டியாக ஆவணங்கள் தலைநகரிலேயே தங்கிவிட்டன. அமினோ பள்ளி ஆசிரியரானார், பிறகு பேராசிரியரானார். நோட்டோவிலும் ட்சுஷிமாத் தீவிலும் செட்டோ உள்கடல் தீவுகளிலும் குடும்பங்கள் காத்திருந்தன.

1980களில் அவர் திருப்பிக் கொடுக்கும் பணியைக் கையில் எடுத்தார். வெளியூருக்கும் தீவுகளுக்கும் தானே சுமந்துகொண்டு போனார். வாசலில் நிற்கும்போது என்ன வசை விழுமோ என்று அஞ்சினார். வசைக்குப் பதில் பல இடங்களில் விருந்து கிடைத்தது. முப்பது ஆண்டுக்குப் பிறகாவது கொண்டுவந்தீர்களே என்று அன்போடு வரவேற்றார்கள். அப்படிப் போன இடங்களில் புதிய ஆவணங்கள் கண்ணில் பட்டன. நான் சொன்ன டோக்கிகுனிக் குடும்ப ஆராய்ச்சியும் இந்தத் திருப்பிக் கொடுக்கும் பணியோடு சேர்ந்து வளர்ந்ததுதான். தங்கள் தலைமுறை அறிஞர்கள் செய்த பிழையை மறைக்காமல், தேதியோடும் ஊர்ப் பெயரோடும் எழுதி வைத்தார் அமினோ. 2004இல் காலமானார்.

2024 ஜனவரி 1 அன்று நோட்டோவில் பெரும் நிலநடுக்கம். டோக்கிகுனிக் குடும்பத்தின் இரு கிளைகளில் மேல் வீட்டின் பிரதான கட்டடம் இடிந்து விழுந்தது. செய்திப் படத்தில் அந்தப் பெரிய கூரை தரையில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தபோது உறவினர் வீடு விழுந்ததுபோல இருந்தது. அமினோவின் குழுவினர் தாள் தாளாகப் படித்து அச்சேற்றியவை மட்டும் நூல்களில் இடியாமல் நிற்கின்றன.

இக்கிகய்

இனி நம் ஊர்ப் புத்தகக் கடைகளுக்கு வருவோம். ‘இக்கிகய்’ என்ற நூலைப் பார்க்காதவர் இங்கே குறைவாகவே இருப்பீர்கள். ஸ்பெயினைச் சேர்ந்த இருவர் 2016இல் எழுதியது. தமிழிலும் நன்றாக விற்கிறது. ஒக்கினாவாவின் ஒகிமி கிராமத்து முதியவர்களைச் சந்தித்து எழுதிய பகுதிகள் இனிமையானவை. வாழத் தூண்டும் காரணம் என்று பொருள்படும் அந்தச் சொல்லோடு சேர்த்து இன்று எங்கும் காட்டப்படும் நான்கு வட்டப் படமோ 2014இல் ஐரோப்பாவில் உருவானது. பிடித்த வேலை, திறமை, உலகின் தேவை, வருமானம் நான்கும் சேருமிடமே இக்கிகய் என்கிறது அந்தப் படம். வருமானம் இல்லாதவருக்கு இக்கிகய் கிடையாதா?

ஜப்பானில் இந்தச் சொல்லைப் பற்றி ஆழ்ந்து எழுதியவர் கமியா மியெகோ என்ற மனநல மருத்துவர். ‘இக்கிகய் குறித்து’ என்ற அவருடைய நூல் 1966இல் வந்தது. அந்தச் சொல்லின் பொருளை அவர் கண்டடைந்த இடம் நாகஷிமா என்ற தீவு. ஒக்கயாமா மாவட்டத்தில், நிலப்பரப்பிலிருந்து சுமார் முப்பது மீட்டர் நீரால் மட்டும் பிரிந்து நிற்பது. அங்கே 1930இல் தொழுநோயாளர்களுக்கான அரசு விடுதி திறக்கப்பட்டது. கொண்டுவரப்பட்டவர்களை முதலில் கிருமிநாசினி கலந்த தொட்டியில் இறக்கிக் குளிக்கவைத்தார்கள். கையிலிருந்த காசை வாங்கிக்கொண்டு தீவுக்குள் மட்டும் செல்லும் பணம் கொடுத்தார்கள். மருந்து வந்து நோய் குணமாகும் என்றான பிறகும் சட்டம் அவர்களை விடவில்லை. பாலம் 1988இல்தான் கட்டப்பட்டது. தனிமைப்படுத்தும் சட்டம் 1996இல்தான் நீங்கியது. 2001இல் குமமோட்டோ நீதிமன்றம் அந்தக் கொள்கை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது.

வேலை, குடும்பம், ஊர், பெயர் எல்லாம் பறிபோன மனிதர்கள் நடுவே நின்று கமியா கேட்டார்: அடுத்த நாள் காலையில் எழுந்திருக்க இவர்களில் சிலருக்கு எது காரணமாக இருக்கிறது? அந்த நூலைப் படித்த பிறகு இக்கிகய் என்ற சொல்லை என்னால் லேசாகச் சொல்ல முடியவில்லை. கமியாவின் நூலிலும் ஒரு குறை உண்டு. அந்த மனிதர்களை அடைத்துவைத்த சட்டத்தை அவர் போதிய அளவு கேள்வி கேட்கவில்லை என்ற விமர்சனம் ஜப்பானிலேயே எழுந்தது. நியாயமான விமர்சனம் என்றே நினைக்கிறேன். அதே விடுதியில் வாழ்ந்து, கண்பார்வை இழந்து, 1939இல் இறந்த அகாஷி கைஜின் என்ற கவிஞரின் தங்காக் கவிதைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் படம் முழுமையாகிறது. ஒரு நூலில் இல்லாதவர் இன்னொரு நூலில் இருப்பார். அந்த இன்னொரு நூலின் பெயரைச் சொல்லாத மதிப்புரை பாதி மதிப்புரைதான்.

நம்மவர்களும் இல்லை

ஜப்பானிய வரலாற்று நூல்களில் இல்லாதவர்களின் வரிசையில் தமிழர்களும் நிற்கிறார்கள். 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய ராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. நேச நாட்டுப் போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். காலராவிலும் பசியிலும் ஆயிரம் ஆயிரமாக மாண்டார்கள். கைதிகளுக்குக் கல்லறை வரிசைகள் உண்டு, நாட்குறிப்புகள் உண்டு, உலகப் புகழ்பெற்ற திரைப்படமும் உண்டு. அந்தப் படம் எடுக்கப்பட்டது இலங்கையின் கித்துல்கலவில். ஆனால் அந்தப் பாதையில் மடிந்த தமிழரின் கதை அதில் இல்லை. அதைச் சொன்னது மலேசியத் தமிழ் இலக்கியம். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற நாவல்கள் வரலாற்று நூல்கள் விட்ட இடத்தை நிரப்பின. போர்க்கால ஜப்பான் பற்றிய நூலை மதிப்பிடும் தமிழர் இந்தப் பாதையை நூல் எத்தனை வரியில் கடக்கிறது என்று பார்க்க வேண்டும். இதில் பகை எதுவும் இல்லை. இறந்தவர்களுக்குச் செய்யும் கடமை இது.

அல்லூரும் ஈசானமங்கலமும்

நிறைவாக ஒன்று. நம்மைப் பற்றி ஒரு ஜப்பானியர் எப்படி எழுதினார் என்றும் பார்க்க வேண்டும். நொபொரு கராஷிமா 1960களில் இளம் ஆய்வாளராக இங்கே வந்தார். தமிழ் கற்றார், கல்வெட்டு எழுத்துக் கற்றார். சோழர் கால இந்தியக் கிராமம் இப்படித்தான் இருந்தது என்று பொதுவாகப் பேசிய நூல்கள் அன்று நிறைய இருந்தன. அவர் திருச்சிப் பக்கத்தில் இரண்டு ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்: அல்லூர், ஈசானமங்கலம். ஒன்று வேளாண் ஊர், மற்றது பிரம்மதேயம். இரண்டு ஊர்க் கல்வெட்டுகளையும் வரி வரியாகப் படித்தார். ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆட்களிடம் இருந்தது. அல்லூரில் ஊராரிடம் பொதுவாக இருந்தது. பக்கத்து ஊர்களுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு என்றால் ‘இந்தியக் கிராமம்’ என்று ஒன்றை எப்படிப் பேசுவது? 1966இல் வெளிவந்த அந்தக் கட்டுரை தென்னிந்திய வரலாற்று ஆய்வின் போக்கையே மாற்றியது.

பிறகு எ. சுப்பராயலு, தோரு மட்சுய் ஆகியோரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் அடைவு செய்தார். 1978இல் மதுரையில் மூன்று தொகுதிகளாக வந்தது. அரசர் பெயரை மட்டுமே சொல்லிவந்த வரலாற்றுக்குள், நிலம் விற்றவரும் வாங்கியவரும் கையெழுத்திட்டவரும் பெயரோடு வந்து சேர்ந்தார்கள். நோட்டோவில் தடுப்புக் கதவின் தாளை அமினோ எப்படிப் படித்தாரோ, அப்படியே நம் கோயில் சுவரைப் படித்தார் கராஷிமா. இருவரும் ஒரே தலைமுறையினர். ஒரே பொறுமை, ஒரே நேர்மை.

மாணவ நண்பர்களே, அந்தக் கடனை நாம் இன்னும் திருப்பவில்லை. ஒரு ஜப்பானியர் நம் மொழியைக் கற்று, நம் கல்லைப் படித்து, நம் முன்னோரின் பெயர்களை நமக்கே எடுத்துக் கொடுத்தார். உங்களில் ஒரு சிலராவது ஜப்பானிய மொழியை ஆழக் கற்றுக்கொள்ளுங்கள். அமினோவையும் கமியாவையும் மூல மொழியில் படித்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை, ஜப்பானைப் பற்றி எந்த நூல் கைக்கு வந்தாலும், கடைசிப் பக்கம் முடிந்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இந்த நூலில் இல்லாதவர்கள் யார் யார் என்று எழுதிப் பாருங்கள். மதிப்புரையை அந்தத் தாளிலிருந்து தொடங்குங்கள்.